எண் நான்கு

ஆயர் ஈத்தாம் மருந்துக்கடையில்
பெட்டிப் பெண்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு.
மூன்று, கறுப்பு. நான்கு, பழுப்பு.
கறுப்பு பட்டென்று பொய் சொல்லும்;
பழுப்பு கொஞ்சம் தயங்கிச் சொல்லும்.
நான்கை எடுத்தேன்.

காதுக்குப் பின்னால் தொட்டு வைத்து
இரண்டு நாள். அரிக்கவில்லை.

இன்று, பழைய தேர்தல் டீசட்டையில்,
நெற்றியோரம் வாஸ்லின் தடவி
வகிடு வகிடாய்ப் பூசி
முப்பத்தைந்து நிமிடம்.
குழாயைத் திறந்தால்
ஓர் இருமல். அவ்வளவுதான்.
தண்ணீர் நிற்பது நாளைக்கென்றல்லவா இருந்தேன்!

எதிர்வீட்டுச் சியூ லான் வாளியோடு வந்தாள்.
குனிந்த தலையில் ஊற்றிக்கொண்டே
மலாயில் கேட்டாள்: என்ன நம்பர்?
நாலு.
நான் மூணு.

பதினோரு வருடம்
அந்த முடியைப் பார்த்து
வயிறெரிந்திருக்கிறேன்.

கறுந்தண்ணீர் என்று ஊருக்குப் பேர்.
எங்கள் காலடியில் ஓடியது
பழுப்பு.