உம்மைத்தொகை

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பத்தே கால்.
மரப்பாலத்தில் வேன் நின்றுவிட்டது.
வெளியூர்க் கார்களெல்லாம் கடற்கரைக்குப் போகின்றன.
நாங்கள் ஏழு பேர் வயிறு பார்க்கப் போகிறோம்.

பெயர் மறைத்த வயிறுகள்.
கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ படுத்தார்கள்,
யாரோ மூச்சை அடக்கச் சொன்னார்கள்,
ஸ்கேனைப் பார்த்து டாக்டர் முணுமுணுத்ததை
யாரோ தட்டச்சு செய்தார்கள்.
அதற்கு எண் விழுந்தால்தான் காசு.
எண் போடுவது நான்:
வே. அஞ்சலாட்சி, மஞ்சக்குப்பம்,
விலங்கியல் இளங்கலை, கோடர் நிலை இரண்டு.

இந்த வருஷம் வரை
வயிற்றுக்கு ஓர் எண், இடுப்புக்கு ஓர் எண்.
மேசை ஒன்று, மூச்சு ஒன்று,
பில்லில் வரி இரண்டு.
நாளையிலிருந்து இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே.
பிரித்துப் போட்டால்
காப்பீட்டுக்காரன் முகத்தில் எறிவான்.

சவரிராயன் சார் கூட்டம் போட்டுச் சொன்னார்,
‘பண்டில் ஆயிடுச்சும்மா, அவ்வளவுதான்.’
எனக்குப் பத்தாம் வகுப்பு இலக்கணம் வந்து நின்றது.
வயிறும் இடுப்பும் என்றால் எண்ணும்மை.
வயிறு இடுப்பு என்றால்
உம் மறைந்து நின்று பொருள் தரும்.
இரண்டு மதிப்பெண்.
இங்கே உம் மறைந்தால்
தொகையே மறைகிறது.

அந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நஷ்டமோ,
டாலரில் நடக்கும் துக்கம் எனக்கு எட்டாது.
என் நஷ்டம் எனக்குத் தெரியும்.
ஊக்கத்தொகை எண் கணக்கில்.
ஒரு ஷிப்டுக்கு நூற்றெண்பது தாண்டினால்
மாதம் மூவாயிரம், அது சீட்டுப் பணம்.
இனியும் அதே அறிக்கை, அதே நான்கு பத்தி,
குடல்வால் அதே மூலையில் வீங்கிக் கிடக்கும்.
படிக்கிற கண்ணுக்குப் பாதி வேலை இல்லை.
எண்ணுகிற எண்ணுக்கு மட்டும் பாதி.

ஃபெலிசித்தே கை தூக்கினாள்:
‘அப்போ டார்கெட்டும் பாதியா சார்?’
அவர் புரொஜெக்டரை அணைத்தார்.

பன்னிரண்டுக்கு வெடி.
ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் நடுங்கியது.
கேண்டீனில் கேக் வெட்டினார்கள்,
கிரீம் ஒட்டிய விரலால் நான் மவுஸைத் தொட்டேன்.
திரையில் இன்னும் பழைய வருஷம்.
அங்கே புத்தாண்டு பிறக்க
நமக்குக் காலை பத்தரை ஆகும்.
எடுத்த தேதி எதுவோ அந்தத் தேதியின் எண்,
அதுதான் விதி.

இரண்டாம் தேதி இரவு அவள் வந்தாள்.
பெண், முப்பத்து நான்கு, படியிலிருந்து விழுந்தவள்.
வயிறு எடுத்தது பதினொன்று ஐம்பத்தெட்டு.
இயந்திரம் ஏதோ மக்கர் செய்திருக்கிறது.
இடுப்பு எடுத்தது பன்னிரண்டு நான்கு.
இடையில் வருஷம் உடைந்திருந்தது.

சாரிடம் கேட்டேன். மேலே கேட்கிறேன் என்றார்.
மேலே என்பது யார், அதற்கு எப்போது விடியும்?
வரிசையில் இன்னும் நூற்று முப்பது ஃபைல்.
ஈரலோரம் சிறு புள்ளி, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும்
என்று கடைசி வரியில் இருந்தது.
அதற்கு எண் இருக்கிறது. காசு இல்லை.
அதையும் போட்டேன்.
பிறகு, பழைய வருஷம் பழைய வருஷமாகவே இருக்கட்டும் என்று
இரண்டு வரியாகப் பிரித்தேன்.

மூன்று வாரத்தில் திரும்பியது.
வயிறு ஏற்கப்பட்டது.
இடுப்பு மறுக்கப்பட்டது.
என் பெயருக்கு நேரே ஒரு பிழை,
அந்த மாதச் சீட்டுக்குக் கடன்.

அவளுக்கு அந்த இடுப்பின் பில்
தபாலில் போயிருக்குமோ?
புள்ளியை மறுபடி பார்த்தார்களா?
அந்த ஃபைலை இனி நான் திறக்க முடியாது.

விடியற்காலை வேனில் யாரும் பேசவில்லை.
ஃபெலிசித்தே முருங்கப்பாக்கத்தில் இறங்கிக்கொண்டாள்.
பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது
எனக்கு இடுப்பும் வலித்தது,
வயிறும் பசித்தது.
இரண்டு உம்மும் விரிந்தே நின்றன.