ஆள் தெரியவில்லை

பதினெட்டாயிரத்து நானூற்று இரண்டு வரி.
கோட்டையூர் வாடகை அறையில் கரண்ட் போனபின்
மடிக்கணினி மட்டும்
நாற்பத்தொரு சதவீதத்தோடு விழித்திருந்தது.

ஒரே பத்திக்குள் எல்லா மரபணுவும்.
சிலது வெறும் எண்: 7157.
சிலது இ.என்.எஸ்.ஜி. என நீள இன்ஷியல் போட்டு
பதினோரு இலக்கம் சுமந்து
கடைசியில் புள்ளி பதினாறு என்றொரு வால்.
சிலது ஆய்வகத்தில் கூப்பிட்டுப் பழகிய செல்லப்பெயர், பி53.
மூன்றும் ஒரே ஆள்.

வாலை வெட்டினேன்.
எண்ணை எண்ணாகவும் பெயரைப் பெயராகவும் பிரித்து
அகராதிக் கோப்போடு சேர்த்தேன்.
சிவப்பெழுத்து ஒன்றும் வரவில்லை,
ஓட்டம் முடிந்தது.
எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு குறைகிறது.
சண்டை போட்டுப் போயிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

தேடிப் போனேன்.
பழைய பெயரில் இருந்தவர்கள் பாதிப் பேர்;
புதுப்பெயர் கொடுத்ததும் எழுந்து வந்தார்கள்.
ஒரு பெயருக்கு இரண்டு எண் இருந்த இடத்தில்
வரி இரட்டித்தது.
இந்த ஊரில் கல்யாணமான இருவரை
ஒரு புள்ளி என்று எழுதுகிறார்கள்.
எனக்கு அந்த வசதி இல்லை.

கடைசியில் நின்றது மார்ச் ஒன்று.
யாரோ எக்செல்லில் திறந்து, பார்த்து, மூடியிருக்கிறார்கள்.
மரபணு தேதியாகிவிட்டது.
மார்ச் ஒன்று ஆகக்கூடிய மரபணுக்கள் இரண்டு.
வரியும் இரண்டு.
எது எது?

வாசலில் கூரியர் சேவுகமூர்த்தி.
"அரு.சித. வயிரவன் வீடு இதா?"
இதில்லை.
தெருவில் அந்தப் பெயருக்கு மூன்று பேர் என்றான் அவனே:
ஒருவர் கோயம்புத்தூரில்,
ஒருவர் பிள்ளை கூட்டிப் போனதில் இன்ஷியல் மாறி
இப்போது கானாடுகாத்தான்,
இன்னொருவருக்குப் பதினோரு மாதம்.
"அவருக்குத்தான் போன வாரம் கம்மல் வந்துச்சு."
போன் நம்பரில் ஒரு இலக்கம் மழையில் கரைந்திருந்தது.
ஊகித்துக் கொடுத்துவிடலாம்,
கையெழுத்து யார் போட்டாலும் கையெழுத்துதான்.
அவன் பெட்டியின் மேலேயே பேனாவை அழுத்தி
ஆள் தெரியவில்லை என்று எழுதி
வண்டியில் வைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தேன். பதினேழு சதவீதம்.
விடுபட்டதை நீக்கச் சொல்லும் அந்த ஒரு வரியை அழித்தேன்.
மூன்றாவதாக ஒரு கோப்பு திறந்து
அதே பெயரை வைத்தேன்.
இரண்டு மார்ச்சும் அதில் போயின,
கூடவே இன்னும் நூற்றுத் தொண்ணூறு.

உமையாள் மேடத்துக்கு எண்ணிக்கை பிடிக்காது.
கரண்ட் வந்ததும் அனுப்ப வேண்டும்.