இரண்டாவது அட்டை

அருமனை ஜங்ஷனில் மழை விடாத வாரம்.
நேசையன் அண்ணன் கடைக்கு வந்து
சொறிச்சலுக்கு ஏதாவது தா பிள்ளே என்றார்.
செட்டிரிசின் ஐந்து வெட்டிக் கொடுத்தேன்.
தோட்டத்தில் ஏதோ செடி பட்டிருக்கும் என்றேன்.
அவரும் ஆமென்றார்.
இரண்டு பேருக்கும் அது போதுமாயிருந்தது.

நாலு நாள் கழித்து மறுபடி.
உள்ளங்கை, உள்ளங்கால். ராத்திரி முழுக்க
சிமெண்ட் தரையில் காலை உரசிக்கொண்டு கிடந்தாராம்.
தடிப்பு இல்லை, பொரிவு இல்லை,
வெறும் தோல், அதற்கு அடியில் எறும்பு.
காலமின் எடுக்கத் திரும்பினேன்.
போயிருந்த கரண்ட் அப்போது வந்தது.
டியூப்லைட் இரண்டு முறை துடித்து நின்றபோது
அவர் கண்ணைப் பார்த்தேன்.

புகைக்கூட்டில் ஒரு நாள் கிடந்த ரப்பர் ஷீட்டை
வெயிலுக்கு நேரே பிடித்தால் தெரியுமே,
அந்த நிறம்.

மூத்திரம் எப்பிடி போவுது?
கட்டஞ்சாயா மாதிரி.
எத்தன நாளா?
அவர் விரல் மடக்கினார்.
நான் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பால்வெட்டும் கத்தி காலில் இறங்கியது ஆனிக் கடைசியில்.
குழித்துறை டாக்டர் எழுதியது
ஐந்து நாளைக்கு, பத்து மாத்திரை.
ஆறாம் நாள் வந்து, இன்னும் ஒரு அட்டை தந்துரு,
வேலைக்குப் போணும் என்றார்.
சீட்டு இல்லை. கொடுத்தேன்.
கொஞ்சம் கூடுதலாகவே ஆறட்டும் என்றுதான்.
அந்த மாதம் அந்த மாத்திரைக்கு
முதலாளி ஒரு கணக்கு வைத்திருந்தார்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
காயம் ஆறியது. தழும்பைக் காட்டிவிட்டு
ஒரு கவர் ரம்புட்டான் மேசையில் வைத்துப் போனார்.

தோட்டத்து அட்டை கடித்தால்
ரத்தம் காட்டிக்கொடுக்கும், உப்பு வைத்தால் விழும்.
இந்த அட்டை
வெள்ளித்தாள் கசங்கிக் குப்பைக்குப் போய்
மூன்று வாரம் கழித்துக் கடித்திருக்கிறது.

ஆசாரிப்பள்ளத்தில் முதல் கேள்வி: வெள்ளமடி உண்டா?
இரண்டாவது டாக்டரும் கேட்டார்.
ஸ்கேன் எடுத்தவரும், கட்டில் எண் எழுதிய நர்ஸும்.
ஐம்பத்து மூன்று வயதில் அவர் நாக்கு கண்டது
மாதம் ஒரு ஞாயிறு, விரற்கடைக் கிண்ணத்தில் திராட்சை ரசம்.
நாலாவது முறை அதையும் சொல்லிவிட்டாராம்.
ஷெர்லின் போனில் அழுதாள்:
அப்பாக்க பக்கத்துக் கட்டில்காரன் சிரிக்கான் அக்கா.

மருந்து ஏதாவது எடுத்தீர்களா என்றதற்கு
இல்லை என்றிருக்கிறார்.
பொய்யில்லை.
தீர்ந்துபோன மருந்தை யார் மருந்தென்று எண்ணுகிறார்கள்?

ஈரக்குலை நடுங்கிவிட்டது என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்,
பல்லி விழுந்ததற்கு, பஸ் பிரேக் போட்டதற்கு.
அது வலது விலாவுக்கு அடியில்
நாம் விழுங்குவதையெல்லாம்
சத்தமில்லாமல் பிரித்துப் பார்க்கிற ஒன்று.
நான் பார்க்காமல் கொடுத்ததையும்.

பில் கட்டைத் தேடினேன்.
முதல் அட்டைக்கு இருந்தது.
ஒரு தாளில் மருந்தின் முழுப்பெயர், இரண்டு தேதிகள்,
மொத்தம் இருபது,
சீட்டில்லாமல் கொடுத்தது பத்து
என்று எழுதிப் படம் எடுத்தேன்.
ஒருத்தி வந்து நாப்கின் வாங்கி,
சில்லறைக்குப் பர்ஸைத் துழாவி, போகும்வரை
கட்டைவிரல் போன்மேல் அப்படியே நின்றது.
பிறகு அனுப்பினேன்.

டாக்டர் பார்த்து, ஆங், என்றாராம். அவ்வளவுதான்.
அதற்குப்பின் யாரும் வெள்ளமடி கேட்கவில்லை.
இதற்கு வைத்தியம் மருந்தை நிறுத்துவது;
அது எப்போதோ நின்றிருந்தது.
மிச்சம், காத்திருப்பு.
இரண்டு மாதம் அவர் மரங்களை வேறு யாரோ வெட்டினார்கள்.

போன வாரம் வந்தார், சட்டை இரண்டு விரல் தொளதொளத்து.
கண் வெள்ளை. இருமல்.
போன் கவருக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தார்.
என் எழுத்து; ஷெர்லின் பிரிண்ட் போட்டிருக்கிறாள்.
இது இல்லாதது தா பிள்ளே.
டியூப்லைட்டுக்குக் கீழே
பொடி எழுத்து முழுவதும் வாசித்தேன்.
அந்தப் பத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.

அவருக்குப் பின்னால் நின்றவன்
தொண்டைக்கு ஆன்டிபயாடிக் ஒரு அட்டை என்றான்.
சீட்டு உண்டா என்றேன்.
ஏதோ முனகிக்கொண்டு ரோட்டைத் தாண்டினான்.
எதிர்க்கடையில் கொடுத்தார்கள்.