இடது திருப்பத்தில் மட்டும்

மூன்று வாரமாக
இடப்பக்கம் ஒடித்தால் மட்டும்
லொடக் என்கிறது வண்டி.
வலப்பக்கம் சமர்த்து.
நேர்ச்சாலையில் ஊமை.

பழைய வண்டிதான்.
சுரபாயாவுக்குத் திரும்பிப்போன யூலியாத்தியிடம்
ரைஸ் குக்கரோடு சேர்த்து வாங்கியது.
குக்கர் இன்னும் ஒரு குறையும் சொன்னதில்லை.

இந்த ஜியாயி நகரத்தின் பெரிய சாலைகளில்
ஸ்கூட்டர்கள் நினைத்தபடி இடப்பக்கம் திரும்பக் கூடாது.
சந்தியைக் குறுக்கே கடந்து
தரையில் வரைந்த வெள்ளைக் கட்டத்துக்குள் போய்
வண்டியை ஒடித்து நிறுத்தி
அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டும்.
அந்தக் கட்டத்தில்தான்,
நாற்பது தலைக்கவசங்களுக்கு நடுவில்தான்,
அது லொடக் என்னும்.
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
பார்த்தால்கூடத் தேவலை.

சுவாங்கின் பட்டறை
அவர் வீட்டுக் கூடமும்தான்.
ஒரு பக்கம் பெல்ட்டுகள், டயர்கள், கழற்றிப்போட்ட இன்ஜின்.
மறுபக்கம் சாப்பாட்டு மேசை,
அதில் மூங்கில் குருத்து உரிக்கும் அவர் மனைவி பி-ஸியா,
சிவப்பு விளக்கெரியும் சாமி மாடம்,
சத்தம் குறைத்த டிவியில் பேஸ்பால்.

என்ன கோளாறு என்று கேட்டார்.
பாகங்களின் பெயர் எனக்குத் தமிழிலேயே தெரியாது,
சீனத்துக்கு எங்கே போக?
லொடக், என்றேன்.
யோசித்தார்.
கொக்-கொக்?
இல்லை. லொடக்.
கி-கி-கொக்-கொக்?
அது லொடலொட. இது ஒரே முறை. லொடக்.
பி-ஸியா கத்தியைக் கீழே வைத்துவிட்டு
தானும் ஒன்று சொல்லிப் பார்த்தாள்.
அட, கிட்டத்தட்ட.
நாலு வருடத்தில்
என் தமிழை இவ்வளவு நேரம்
யாரும் இங்கே உற்றுக் கேட்டதில்லை.

கடைசியில் என்னையே ஓட்டச் சொல்லி
பின்னால் ஏறிக்கொண்டார்,
கிரீஸ் கை என் சட்டையில் படாமல்
பின்கம்பியைப் பிடித்தபடி.
மீன் சந்தையைச் சுற்றி மூன்று வட்டம்,
பன்னிரண்டு இடது திருப்பம்.
மூச்சு விடவில்லை வண்டி.
டாக்டர் வாசலில் ஜுரம் இறங்கிவிடும் பிள்ளை மாதிரி
அப்படி ஒரு நடிப்பு.
பொய் சொல்லி மாட்டியவள் முகத்தோடு நான் இறங்க,
அவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்:
என் பாரம் அதன் வாயை அடைத்துவிட்டது,
நீ தனியாகப் போய் வா.

தெருமுனையில் காதை நீட்டி நின்றார்.
லொடக்.
ஹா! என்றார், கேட்ச் பிடித்தவர் போல.

முன்மூடியைக் கழற்றி
காந்தக் குச்சியை உள்ளே விட்டுத் துழாவி
ஒரு போல்ட்டை எடுத்தார்.
சுண்டுவிரல் நீளம். துரு இல்லை.
எங்கிருந்து கழன்றது என்று
டார்ச்சோடு வண்டி முழுக்கத் தேடினோம்,
டிவியில் ஒரு இன்னிங்ஸ் முடியும்வரை.
எல்லாத் துளையிலும் அதனதன் போல்ட் இருந்தது.
போ, என்றார்.
அவர் தாய்மொழியில் போ என்றால் இல்லை.
எத்தனை முறை கேட்டாலும்
என் கால் ஒரு அடி எடுத்துவைத்துவிடுகிறது.

எந்த மெக்கானிக்கோ
யூலியாத்திக்கும் முன்னால்
உள்ளே தவறவிட்டு மூடியிருக்கிறான்.
மூன்று வாரம் முன்பு
ஏதோ ஒரு குழியில் அது விடுபட்டிருக்கும்.
எதிலும் பொருந்தாமல்
உள்ளேயே உருண்டுகொண்டிருந்த ஒன்று.
உவமை நாக்கு நுனிவரை வந்தது,
பையில் விசா நீட்டிப்புப் படிவம் வேறு.
விட்டுவிட்டேன்.
போல்ட் போல்ட்தான்.
அவரும் அதைப் பழைய பால்மாவு டப்பாவில்
இனசனத்தோடு போட்டுவிட்டார்.

எவ்வளவு? என்றேன்.
போ, என்றார் மறுபடி.
இந்த முறை இரண்டு மொழியிலும் சரியாக இருந்தது.

வழியில் தூறல்.
வெள்ளைக் கட்டத்துக்குள்
பிரேக் பிடித்து ஒடித்தேன்.
லொடக் இல்லை.
இல்லாததால்தான் கேட்டது,
இத்தனை நாளும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த
மெல்லிய ஒன்று.
க்றீச்சும் இல்லை, கீச்சும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே.
சுவாங்கிடம் எப்படிச் சொல்வதென்று
ஒவ்வொன்றாய் உதட்டில் வைத்துப் பார்த்ததில்
பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை.