பதினாறு மதிப்பெண் கேள்வி

ரோமாபுரிச் சீமாட்டிகளைப்
பிற்பகல் ஒன்றே முக்காலுக்கு நடத்தும்படி
டைம்டேபிள் போட்டவனுக்குப்
பாளையங்கோட்டைப் புரட்டாசி வெயில் தெரியாது.

கொர்னேலியஸ் வீட்டில் பிறந்தவள் கொர்னேலியா.
அடுத்தவளும் கொர்னேலியா.
மூன்றாவதும் பெண்ணாகிவிட்டால்
கொர்னேலியா, பின்னால் ஓர் எண்.
பெயர் அப்பன் குலத்தினுடையது;
கட்டிக்கொண்டு போனாலும் கழன்று விழாது.

'அப்ப வீட்டுக்குள்ள எப்படி மேடம் கூப்பிடுவாவ?'
கடைசி பெஞ்சிலிருந்து சொரிமுத்து.
'பெரியவ, நடுவுள்ளவ, சின்னவ' என்றேன்.
ரோமில் எப்படியோ,
எங்கள் வீட்டில் அப்படித்தான்:
பெரியநாச்சி, நடுநாச்சி, சின்னநாச்சி.
அப்பாவுடன் பிறந்த மூவர்.

கரும்பலகையில் வம்ச மரம் வரைந்தேன்.
இரட்டைக் கோடென்றால் கல்யாணம்.
குறுக்கே வெட்டினால் தீர்த்துவிட்டது.
செனட்டர் ஒருவன் தன் மகளை
எதிராளி வீட்டில் கொடுக்கிறான், ஓட்டுக்காக.
ஓட்டு விழுந்ததும் ஆளனுப்பி அழைக்கிறான்.
சீதனம் அவளோடு திரும்பும்.
பிள்ளை திரும்பாது;
பிள்ளை அந்த வீட்டுக் கணக்கு.

சாக்பீஸ் ஒடிந்தது.

எங்களுக்கு ஓட்டு வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்.
மேல்மடைக்காரர்கள் பலகை போட்டு அடைத்த வருஷம்
நடுநாச்சியை அந்த வீட்டில் கொடுத்தார்கள்.
மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வருமுன்
தண்ணீர் வந்துவிட்டதாம் எங்கள் வயலுக்கு.
மூன்று பிசானம் விளைந்தது.
பிறகு கோர்ட்டில் தீர்ப்பு எங்கள் பக்கம்.
மடையே நம்முடையது; சம்பந்தம் எதற்கு?
வில்வண்டி போயிற்று.
அத்தை ஏறி வந்தாள்,
பித்தளைப் பாத்திரங்கள் பின்வண்டியில்.
தொட்டிலில் கிடந்தவள் தொட்டிலிலேயே.
அப்புறம் கடையநல்லூர்ப் பக்கம் இன்னொரு வீடு,
இன்னொரு வழக்கு.

பாபநாசம் படித்துறையில் ஓர் ஆடி அமாவாசை.
ஈரச்சேலையோடு ஒரு பெண்
'கொஞ்சம் தள்ளிக்கிடுங்க பெரியம்மா' என்றாள்.
அத்தை தள்ளிக்கொண்டாள்.
அந்தத் தாடை எங்கள் தாடை.
எனக்குப் பன்னிரண்டு வயது,
அவள் கையைப் பிடித்திருந்தேன்.
பிடி இறுகியது, பிறகு தளர்ந்தது.
பஸ் ஏறுமுன் ஒரு கூறு கொய்யாப்பழம் வாங்கினாள்,
பேரம் பேசாமல்.

வழக்குக் கட்டில் ஒரு வம்சாவளிப் படம் உண்டு.
ஆண்களுக்குப் பெயர், பட்டம், பிறந்த வருஷம்.
அத்தை இருக்குமிடத்தில் 'பெண் 2'.

அன்று பலகையில் என்னதான் எழுதினேனோ.
பெல் அடித்ததும் அழித்துவிட்டேன்,
கை நிறையச் சுண்ணாம்பு.

ஐப்பசி மழையில் மாடல் தேர்வு.
'ரோமானிய உயர்குடியில் பெண்களும் உறவு வலையும்:
கட்டுரை வரைக.' பதினாறு மதிப்பெண்.
சொரிமுத்து எழுதியிருந்தான்:
'நடுநாச்சியா என்பவள் செனட்டரின் இரண்டாம் மகள்.'
நாற்பத்தொரு தாள்.
முப்பத்தெட்டில் நடுநாச்சியா.
கான்சலை மணந்த நடுநாச்சியா.
இத்தாலியில் ஒரு மதகுக்காக
(மதகை நான் சொன்னேனா?)
திரும்ப அழைக்கப்பட்ட நடுநாச்சியா.
ஒருவன் அவளுக்குப் பளிங்குச் சிலையே வைத்துவிட்டான்.

அம்பாசமுத்திரத்துப் பேச்சிச்செல்வி மட்டும்
நான் நடத்தாத ஒரு வரியைக் கூட்டியிருந்தாள்:
'அவள் தன் மகளைப் பிறகு பார்த்திருக்கலாம்.
ஆதாரம் இல்லை.'

சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதினேன்:
பாபநாசம்.
அதே பேனாவால் அதை அடித்து மூடினேன்.
பதினாறு போட்டேன்.

மற்ற முப்பத்தேழுக்கும்
என்ன போடுவதென்று தெரியவில்லை.
வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.
மழை விடவில்லை;
கால்வாயில் எல்லோருக்கும் தண்ணீர் போகிறது.