மூன்றாம் சிலிண்டர்

இந்த இன்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது.
ரேடியேட்டரைத் தேடி முன்மூடியைத் திறப்பவர்களுக்கு
ஸ்டெப்னி டயர் கிடைக்கும்,
நான் பாதி தின்று வைத்த சோளரொட்டியும்.
காற்றைக் குடித்தே ஓடுகிறது,
மாதக் கடைசியில் நான் ஓடுவதுபோல.

தாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறவளுக்கு
சமதரை என்பது பெட்ரோல் பங்க் மட்டும்.
மற்றதெல்லாம் ஏற்றம்.
என் மச்சினன் ஃபிதென்சியோ சொல்வான்:
மெதுவாகப் போ, எர்மெலிந்தா, சூடாகாது.
அவன் இரண்டு இன்ஜின்களைக் கொன்றவன்.
முனகவிட்டால்தான் வேகும்.
இரண்டாவது கியருக்கு இறங்கு, கத்தட்டும்.
கத்தினால்தான் விசிறி சுற்றும்.

நவம்பர் ஒன்றாம் தேதி,
செத்தவர்கள் வீடு திரும்பும் நாள்,
கல்லறைக்குப் பதினொரு நடை.
கூரையில் கட்டுக்கட்டாகச் செண்டுமல்லி.
கிரெசென்சியா மட்டும் மூன்று கட்டு ஏற்றிவிட்டு
இரண்டுக்குக் காசு கொடுத்தாள்.
மூன்றாவது அவள் புருஷனுக்காம்,
அவனுக்காக எதற்குக் காசு என்றாள்.

மறுநாள் சர்ச் ஏற்றத்தில் நாற்றம்.
சிவப்பு விளக்கு எரியவில்லை.
எரிந்திருந்தால் பெல்ட் அறுந்தது என்று
நடுத்தெருவிலேயே நிறுத்தியிருப்பேன்.
எதுவும் எரியாமல் வெந்துகொண்டிருப்பதுதான் மோசம்.
பின்சீட்டில் தலைநகரத்துப் பல் டாக்டர்.
இன்ஜின் மூடியில் ஒரு டென்னிஸ் பந்தைச் சொருகுங்கள்,
காற்று போகும், என்றார்.
உங்கள் வாயைத் திறந்தே வைத்தால்
பல்வலி போய்விடுமா, என்று கேட்கவில்லை.
மீதிச் சில்லறையைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, இன்ஜின் கல்லாய்க் குளிர்ந்தபின்,
விசிறிக்கூட்டைத் தூக்கினேன்.
ஆயில் கூலரின் தகடுகளுக்கிடையே ஆரஞ்சு நிறம்.
துரு என்று நினைத்தேன்.
விரலால் நிமிண்டினால், இதழ்.
விசிறி நறுக்கிய இதழ்,
கருகின இதழ், எண்ணெயில் ஊறி
வெல்லப்பாகாய் ஒட்டிக்கிடந்த இதழ்.
பின்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் துளைகள்
பதினொரு நடையும் பூத்தின்றிருக்கின்றன.

அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி.
அதில் மூன்றாம் சிலிண்டருக்கு எப்போதும் எச்சில் காற்றுதான்,
ஆயில் கூலரைக் குளிரவைத்துவிட்டு வரும் மிச்சம்.
இப்போது அதுவும் இல்லை.
நானும் எங்கள் வீட்டில் மூன்றாவது.
அக்காக்கள் குளித்த வெந்நீர் எனக்கு வரும்போது
நுரை மட்டும் இருக்கும்.
அதனால் அந்தச் சிலிண்டரிடம்
கொஞ்சம் அதிகநேரம் உட்கார்ந்திருந்தேன்.

செத்தவர்களுக்கு வழி தெரிய
வாசல்வரை இதழ் தூவுவார்கள் எங்கள் ஊரில்.
இந்த இதழைப் பார்த்து யாராவது நடந்திருந்தால்
வந்து நின்ற இடம் சிலிண்டர் தலை.
ஐயா, அம்மா, மன்னிக்கவும்,
வீடு இது இல்லை.
கிரெசென்சியாவின் புருஷனே, நீயாக இருந்தால்
உன் கட்டுக்கான காசு இன்னும் வரவில்லை.

பழைய பல்துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய்.
இன்ஜினைச் சுற்றித் தகரத்துக்கும் பாடிக்கும் நடுவே
ரப்பர் இற்றுப்போய் விரலளவு இடைவெளி.
கீழிருந்து வெந்த காற்றையே
திரும்பத் திரும்ப மூச்சுவிட்டிருக்கிறது பாவம்.
சைக்கிள் ட்யூபை வெட்டி அடைத்தேன்.
வால்வு இடைவெளி பார்த்தேன்.
மூன்றாவதில் மட்டும் அளவுத்தகடு நுழையவே இல்லை.
இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால்
மச்சினன் கணக்கில் நானும் சேர்ந்திருப்பேன்.

திங்கட்கிழமை அதே ஏற்றம்.
வாடை மட்டும் போகவில்லை, பூவும் எண்ணெயும்.
வெள்ளி வளையல் வாங்க வந்த பெண்ணொருத்தி
நல்ல மணமாக இருக்கிறதே, என்ன சென்ட், என்றாள்.
பதில் சொல்ல நேரமில்லை.
வளைவு வந்துவிட்டது.
இரண்டாவது கியர்.