ஆறாம் தடம்

காலை நாலே முக்கால்.
காலி வீதி இன்னும் கடை திறக்கவில்லை.
ஓட்டோவின் பின்சீட்டில்
என் தோளில் சாய்ந்து நித்திரை கொள்கிறாள் மிதுஷா.
பதின்மூன்று வயது.
மடியில் நேற்றைய ஈரத் துவாய்.
கார்த்திகை மழைக்கு
எங்கள் மூன்றாம் மாடி பல்கனியில்
ஒன்றும் காய்வதில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது.
வெள்ளவத்தைக் கடலில்
முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.
ஆனால் என் கைப்பேசியில் ஓர் அட்டவணை உண்டு.
ஐம்பது மீற்றர், மல்லாந்த நீச்சல்.
தையில் முப்பத்தெட்டு தசம் ஒன்பது.
சித்திரையில் முப்பத்தேழு தசம் ஆறு.
ஆனியில் முப்பத்தாறு தசம் எட்டு.
ஆவணியில் மறுபடி ஏறிய எண்ணுக்குச்
சிவப்பு அடித்தவன் நான்.

"முப்பத்தேழை உடைச்சிட்டம்" என்று
ஆனியில் ஒருநாள்
தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது
சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிராமல் கேட்டாள்:
"ஆர் உடைச்சது, அப்பா?"

கௌசி சிரித்தாள்.
பிறகு, விளக்கணைத்த பின்,
சிரிக்காமல் சொன்னாள்:
"திரும்பி வாற வழியில
நீங்க மட்டும்தான் கதைக்கிறீங்களாம்."

இன்று போட்டி.
கறுவாத்தோட்டத்துத் தடாகத்தில்
நேரக் கணிப்பாளர் மூவர் குறைவு,
பெற்றோர் யாரும் வருவீர்களா என்று
ஒலிபெருக்கி கேட்டு முடிக்கு முன்னமே
என் கை மேலே.
மூன்றாம் தடம் கிடைக்குமென்ற கள்ள ஆசை.
கிடைத்தது ஆறு.
ஒரு வெள்ளைத் தொப்பி.
கழுத்தில் கயிறு கட்டிய கடிகாரம்.

தலைமைக் கணிப்பாளர் அம்மையார்
எங்களை வரிசையில் நிறுத்திச் சொன்னார்:
கத்தக் கூடாது.
கை தட்டக் கூடாது.
பக்கத்துத் தடத்தைப் பார்க்கவே கூடாது.
அந்தப் பிள்ளைக்கு
உங்களை விட்டால் வேறு ஆளில்லை.

விசில். அமைதி. ஊதல்.
எட்டு முதுகுகள் நீருக்குள் வளைந்து விழுந்தன.
இடப்பக்கம் எங்கோ என் மகள்
வானத்தைப் பார்த்தபடி போய்க்கொண்டிருக்கிறாள்.
கழுத்து நரம்பு தானாகத் திரும்பப் பார்த்தது.
பிடித்துவைத்தேன்.
பார்வையாளர் படிகள் அதிர்ந்தன,
யாரோ தொட்டுவிட்டார்கள்,
யாரோ அழுகிறார்கள் அல்லது சிரிக்கிறார்கள்.
எனக்குச் சுவர். வெறும் சுவர்.
அதில் நாலு நீல ஓடு, ஒன்று வெடித்தது.

கடைசியாக வந்தாள் ஆறாம் தடத்துக்காரி.
கொடிகளைக் கடந்ததும் எண்ணத் தவறி
விரலுக்கு முன் தலை இடித்தது.
நிறுத்தினேன்.
தலைகீழாக ஒரு முகம்,
கண்ணாடிக்குள் தண்ணீர்.
"கீயத, அங்கிள்?"
எத்தனை என்று கேட்கிறாள்.
நாற்பத்தாறு தசம் ஒன்று என்றேன்,
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அவள் மகிழவில்லை. வருந்தவுமில்லை.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு
படிகளில் ஒரு முகத்தைத் தேடினாள்.
அந்த எண் நல்லதா கெட்டதா என்று
அங்கேதான் எழுதியிருக்கும் போல.
தேடிக்கொண்டேயிருந்தாள்.
கடைசிப் படியில் எண்ணெய்ச் சட்டை போட்ட ஒரு மனிதர்,
கராஜிலிருந்து ஓடி வந்திருப்பார்,
பாண் பை ஒன்றைத் தூக்கி ஆட்டினார்.
ஆறாம் தடம் முழுவதும் சிரித்தது.

நான் கடிகாரத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன்.
பத்து மாதமாய் என் முகத்தில்
என்ன வாசித்திருப்பாள்?

"நீங்க என்னைப் பார்க்கேல்லையா?"
ஓட்டோவுக்குள் மிதுஷா.
"இல்லை. எனக்கு ஆறு."
"ஒண்டுமே?"
"ஒண்டுமே."

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.
"அப்ப நான் சொல்லுறன்."

ஹவ்லொக் வீதி நெரிசல் முழுக்கச் சொன்னாள்.
கால் வழுக்கப் பார்த்ததை,
பாதி வழியில் நேர் மேலே
ஒரு காகம் கூடவே பறந்ததை,
கொடியிலிருந்து ஐந்து கை போடுகிறவள்
இன்றைக்கு நாலிலேயே துணிந்ததை.
பாமன்கடைச் சந்தி தாண்டியும்
எண் மட்டும் வரவில்லை.

நான் கேட்கவில்லை.
வாய் நிறைய மீன் பணிஸ்.